குதிரைவலுவை மட்டும் பார்த்து மெசின் வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சங்கங்கள் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்ட் மெசினும் உதிரிப்பாகமும் மொத்தமாக எடுக்கும்போது குதிரைவலுவையும் விலையையும்தான் பார்க்கின்றன. 15 குதிரைவலு என்று எழுதிய இரண்டு மெசின்களின் உள்வேலைப்பாடு ஒன்றாக இருக்க வேண்டுமென்றில்லை.

டூ ஸ்ட்ரோக் மெசினின் சிலிண்டரிலிருந்து புகை வெளியேறுவதும் எரிபொருளும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். வந்த கலவை எரியாமலே புகைவாசலால் ஓடிவிடும். அதை எப்படி மறிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்; கிராஸ் ஃப்ளோ, லூப் என்று இரண்டு முறை உண்டு.

கிராஸ் ஃப்ளோவில் கலவை வரும் வாசலும் புகைவாசலும் எதிரெதிர். பிஸ்டன் தலையில் மேடு ஒன்று கலவையை மேலே திருப்பும். மேட்டின் செங்குத்துப் பக்கம் கலவை வரும் வாசலையும் சரிவு புகைவாசலையும் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் மேடு சிலிண்டர் தலையில் முட்டலாம், ரிங் முனை வாசலில் சிக்கலாம். மெதுவோட்டத்தில் குறை சொல்ல முடியாது. வேகத்தில் எரிபொருள் குடிக்கும்.

லூப் முறை ஜெர்மானியர் ஷ்னூர்லே 1920களில் கொண்டுவந்தது. கலவை வாசல்கள் சாய்வாக இருக்கும். கலவை புகைவாசலுக்கு எதிர்ச்சுவரில் ஏறி வளைந்து இறங்கும். பிஸ்டன் தலை தட்டை, பாரமும் குறைவு. அதே வலுவுக்கு எரிபொருள் குறைவு. மண்ணெண்ணெய் லீற்றர் 2022 ஆகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியதைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எவின்ரூட் ஈ-டெக் நல்ல வேலைப்பாடுதான். ஆனால் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. மலிவென்று எடுக்க வேண்டாம்.

காபரேட்டர் எரிபொருளைத் திருப்பித் துப்பினால், ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டமானால், முதலில் ரீட் வால்வை (கலவையை உள்ளே விட்டு, திரும்பி வராமல் மறிக்கும் மெல்லிய இதழ்கள்) கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இதழ் படியாமல் வெளிச்சம் தெரிந்தாலோ நுனியில் சில்லுப் போயிருந்தாலோ மாற்ற வேண்டும். வளைந்த இதழைப் புரட்டிப் போடும் சிக்கனம் இங்கே நடக்கிறது. அது சீக்கிரம் உடையும். உருக்கு இதழாக இருந்தால், உடைந்த துண்டு கிராங்குக்குள் போய் பிஸ்டனையும் பெயாரிங்கையும் கொண்டுபோகும்.

எரிபொருளில் ஒயில் கலக்கும் விகிதம் 50:1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 25:1 என்றால் 40. எந்த அளவென்பது அந்த மெசினின் கைநூலில் இருக்கும். அவுட்போர்ட் டூ ஸ்ட்ரோக்குக்கென்று உள்ள டீசி-டபிள்யூ3 (TC-W3) தர ஒயில் மட்டும்; மோட்டார் சைக்கிள் ஒயிலின் சாம்பல் பிளக்கில் படியும், ரிங்கை இறுக்கும். மண்ணெண்ணெய் மெசினை பெற்றோலில் எடுத்து, சூடான பின் மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலில் ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெய் மெசினின் சிலிண்டர் அமுக்கம் குறைத்தே செய்யப்பட்டது. பெற்றோல் மெசினுக்கு மண்ணெண்ணெய் கலந்தால் சிலிண்டருக்குள் தட்டும் சத்தம் வரும். கடைசியில் பிஸ்டனின் ரிங் காடி உடையும்.

முகத்துவார மணல், மெசினைக் குளிராக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெலரைத் தின்பதால் அதையும் சங்கக் களஞ்சியத்தில் வையுங்கள்.

கொள்வனவுக்கு முன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: கிராஸ் ஃப்ளோவா லூப்பா, எந்த எரிபொருளுக்குச் செய்தது, ஒயில் விகிதம் என்ன, பிஸ்டன், ரிங், ரீட், இம்பெலர் நான்கும் மாதிரி இலக்கப்படி கையிருப்பில் உண்டா. எழுத்தில் பதில் வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு அவுட்போர்ட் மெசின் திருத்துநர்கள் சிலர்