1453-க்காக நான் வெட்டிய மதிப்பெண்

அன்பு மகளுக்கு,

"மறுமலர்ச்சின்னு ஒண்ணு நடக்கவே இல்லைன்னு வகுப்புல சொல்றாங்கம்மா. நீ முப்பது வருஷமா என்ன பாடம் எடுத்தே?" என்று கேட்டிருந்தாய். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சுருக்கென்றது.

நான் எடுத்த பாடம் உனக்கே மனப்பாடம். 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், அறிஞர்கள் கிரேக்கச் சுவடிகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், பழைய கிரேக்க, ரோமானியக் கலையும் கல்வியும் திரும்ப உயிர்பெற்ற மறுமலர்ச்சி பிறந்தது. ஒரு வருடம் ஒரு பையன் அந்த ஆண்டையே விட்டுவிட்டு, இத்தாலிய நகரங்களின் வியாபாரம், வட்டிப் பணம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். ஐந்துக்கு இரண்டுதான் போட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பழைய லத்தீன் நூல்களைத் தேடித் தேடிப் படித்த கவிஞர் பெட்ரார்க் இறந்தது 1374இல். கிரேக்க அறிஞர் கிரிசொலோராஸ் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து நீ இருக்கும் புளோரன்ஸுக்கு வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 1397இல். அங்கே கதீட்ரலின் மேல் புரூனலெஸ்கி கட்டிய குவிமாடம் எழும்பி முடிந்தது 1436இல். பிள்ளை வளர்ந்து வேலைக்கும் போன பிறகு, பிறந்த தேதி 1453 என்று எழுதவைத்திருக்கிறேன்!

அதற்காக உன் பேராசிரியர் சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன். 1860இல் வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட் இத்தாலியில்தான் நவீன மனிதன் பிறந்தான் என்றார். 1927இல் இன்னொரு வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு மறுமலர்ச்சி இருந்ததே என்றார். 1977இல் பெண் வரலாற்றாசிரியர் ஜோன் கெல்லி, பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்ததா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். மூவரில் எனக்கு நெருக்கமானவர் கெல்லிதான். ஏன் என்று உனக்குத் தெரியும், உன் பாட்டி ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள்.

ஆனால் எனக்குப் பிடித்த சான்று இந்தச் சண்டைகளில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. போஜ்ஜோ போன்ற மறுமலர்ச்சி அறிஞர்கள் அன்றைய நெருக்கமான கோதிக் எழுத்தை வெறுத்து, பழைய சுவடிகளில் கண்ட தெளிவான, உருண்டையான எழுத்தைப் பார்த்து எழுதினார்கள். அதை 'பழைய எழுத்து' என்றே அழைத்தார்கள். ஆனால் அந்தப் பாணி ரோமர்களுடையதல்ல, இடைக்கால மன்னர் சார்லமேன் காலத்தில் உருவானது. இருண்ட காலம் என்று எதைத் திட்டினார்களோ, அங்கிருந்தே கடன் வாங்கியிருக்கிறார்கள். இன்று உன் பாடப்புத்தகத்தில் அச்சாகும் எழுத்தும் அந்த வழி வந்ததுதான். கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கட்டடமும் அப்படித்தான். அதை ரோமர்கள் கட்டிய மார்ஸ் கோயில் என்று நம்பினார்கள், அது இடைக்காலத்தது. அப்பன் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், சரி. ஆனால் அந்த நம்பிக்கையில்தான் சுவடி தேடி மடம் மடமாக அலைந்தார்கள், தூண்களை அளந்தார்கள். அந்த உழைப்பை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்ஜெல்லோ மியூசியத்துக்குப் போ. 1401இல் அந்த ஞானஸ்நானக் கட்டடத்தின் கதவுக்கு நடந்த போட்டியின் இரண்டு வெண்கலப் பலகைகள் அங்கே இருக்கின்றன. இரண்டிலும் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போக, தேவதை தடுக்கும் பைபிள் காட்சி. கிபெர்ட்டியின் தேவதை தூரத்தில் மிதக்கும். புரூனலெஸ்கியின் தேவதை ஆபிரகாமின் கையையே பிடித்துத் தடுக்கும். கீழே மூலையில் ஒரு வேலைக்காரன் காலில் தைத்த முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். பழைய ரோமானியச் சிலை ஒன்றிலிருந்து எடுத்த உருவம். அவனை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஜெயித்தது கிபெர்ட்டி. நான் நடுவராக இருந்திருந்தால் வேறு மாதிரி போட்டிருப்பேன், ஆனால் என் மதிப்பெண்ணின் லட்சணம்தான் மேலே சொன்னேனே.

அப்பா கேட்கச் சொன்னார், பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா?

அம்மா