ஸ்டிக்கர் ஒட்டி வந்த மூன்று ஃப்ரெக்கிள் பேனாக்கள்: பணமும் பதிலும் கேட்டு ஐந்தாவது கடிதம்

சேலையூர்,
21.07.2025

பெறுநர்:
குறைதீர் அதிகாரி அவர்கள்

பொருள்: ஃப்ரெக்கிள் பேனா (முகத்தில் இயற்கையான பொடிப் புள்ளி போல வரையும் மேக்கப் பேனா) மூன்று, செட்டிங் ஸ்பிரே (மேக்கப் கலையாமல் நிற்க மேலே அடிப்பது) ஒன்று, மொத்தம் ரூ.4,346. நிறம் மாறியது, தேதி மறைக்கப்பட்டது, உங்கள் ஊழியர் என்னை அவமதித்துப் பேசியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் டிக்கெட் எண் வந்தது, நான்கும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. ஒன்றுமே தீரவில்லை. அதனால்தான் இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

நான் 14 வருடமாக மேக்கப் போடுகிறவள். கல்யாணப் பெண்கள், அரங்கேற்றம், விளம்பரம், குறும்படம் எல்லாம் செய்திருக்கிறேன். பேனாவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியும். எதற்காக வாங்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆட்கள் யாருமே அதைக் கேட்கவில்லை.

ஜூன் 14, 15 சனி ஞாயிறு, பெரம்பூரில் ஒரு பழைய வீட்டில் குறும்படப் படப்பிடிப்பு. அம்மா, மகள் என்று இரண்டே பாத்திரம். அம்மாவாக நடித்தவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குத் தண்டிலும் கன்னத்து மேட்டிலும் புள்ளிகள் உண்டு. ஆள் நல்ல மாநிறம். நிழலில் சட்டென்று தெரியாது, வெயிலில் வந்து நின்றால் ஒவ்வொன்றாக எழும்பி வரும். மகளாக நடித்த பெண்ணுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. "இவ அவங்க பொண்ணுன்னு வசனமே இல்லாம தெரியணும்க்கா. அந்தப் புள்ளிய இவ மூஞ்சிக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார் இயக்குநர். இப்படி ஒரு வேலை எனக்கு வருவது அபூர்வம். ஆசையாக ஒத்துக்கொண்டேன்.

அதற்காக இரண்டு சாயங்காலம் அந்த அம்மாவின் வீட்டிலேயே போய் உட்கார்ந்து படம் எடுத்தேன். ஓஹெச்பி ஷீட் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை முக அளவுக்கு வெட்டி, புள்ளி வைக்கும் அச்சாக ஊசியைச் சூடாக்கி 63 துளை போட்டேன். சனிக்கிழமை விழுந்த இடத்திலேயே ஞாயிற்றுக்கிழமையும் புள்ளி விழ வேண்டும், இல்லையென்றால் கன்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி இருக்க வேண்டிய ஒற்றுமை, போய்விடும்.

இப்போது அந்த ஜூன் 17-ஆம் தேதி போன் கால். வரிசைப்படி பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், கை நிற்கவில்லை. அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சீனியர் என்று சொல்லிக்கொண்டு லைனுக்கு வந்தவர், நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் குறுக்கிட்டார். "மேடம், நம்ம கலருக்கு ஃப்ரெக்கிள்ஸே வராது. அதெல்லாம் ஃபாரின்காரங்களுக்கு. உங்களுக்கு எதுக்கு அது?" என்றார். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. கூடவே, "யூடியூப்ல டுடோரியல் நிறைய இருக்கு, பாத்துக் கத்துக்கங்க" என்றார். 11 நிமிடம் 40 விநாடி அந்த அழைப்பு. உரையாடல் பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரக் குரல்தான் முதலில் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

நம்ம கலருக்கு வராதாம்! தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெயில் படும் இடத்தில் அது அங்கங்கே திட்டாகக் கூடிப் போவதுதான் ஃப்ரெக்கிள்ஸ். வெள்ளைத் தோலும் செம்பட்டை முடியும் உள்ளவர்களுக்கு அதிகம் வரும் என்பது நிஜம், எம்சி1ஆர் என்ற மரபணுவுக்கு அதில் பங்கு உண்டு என்பதும் நிஜம். அதற்காக மாநிறத்துக்கு வராது என்று யார் சொன்னது? நம் ஊரில் அதற்கென்று தனிப்பேர் சொல்லாமல் மச்சம் என்றும் மங்கு என்றும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான். நான் யார் முகத்தைப் பார்த்துத் துளை போட்டேனோ அவர் தமிழ்நாட்டுப் பெண். உங்கள் விற்பனைப் பக்கத்தில் "எல்லாத் தோல் நிறத்துக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் நீங்கள்தான். அதை நம்பித்தானே மாநிறத்துக்கு என்று நீங்கள் சொன்ன டீப் பிரவுனை ஜூன் 3 அன்று ஆர்டர் செய்தேன்? பணம் வாங்கும்போது எல்லா நிறமும் வேண்டும், புகார் வந்தால் எங்கள் நிறம் ஆகாதா?

பொறுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு வருகிறேன்.

பார்சல் 9-ஆம் தேதி வந்தது. புறங்கையில் இழுத்துப் பார்த்தேன், பிரவுன்தான். மகளாக நடித்த பெண்ணுக்குக் காதுக்குப் பின்னால் வைத்து ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. முடி மறைக்கிற இடம் என்பதால் நிறத்தைக் கவனிக்கவில்லை. அதைக்கூட உங்கள் ஆள் என் தவறு என்று எழுதினால் எழுதட்டும்.

சனிக்கிழமை காலை 7.10-க்கு ஆரம்பித்தேன். ஃபவுண்டேஷன் மெல்லிசாக, பவுடருக்கு முன்னால் புள்ளி. மூக்குத் தண்டில் நெருக்கமாக, கன்னத்து மேட்டில் கொஞ்சம் விட்டு, நெற்றி ஓரத்தில் ஒன்றிரண்டு. மூக்குக்கு அடியிலும் தாடை நிழலிலும் வைக்கவே கூடாது, வெயில் படாத இடத்தில் புள்ளி இருந்தால் பொய் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். பெரியது நாலைந்து, மீதி பொடி. இரண்டு கன்னத்திலும் சமமாக வைத்தால் ஊடுபுள்ளிக் கோலம் போல ஆகும், ஒரே அளவில் வைத்தால் அம்மை போட்டது போல ஆகும். ஒவ்வொன்றும் காய்வதற்குள், மனதுக்குள் பத்து எண்ணி, மோதிர விரல் நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். சிலது பாதி அழிந்துவிடும், அழியட்டும், அதுதான் அழகு. புள்ளி தோலுக்கு மேலே உட்காராமல் உள்ளிருந்து தெரிய வேண்டும். மேலே பவுடரை ஒற்றி, உங்கள் செட்டிங் ஸ்பிரேயையே அடித்தேன். முடிக்கும்போது மணி எட்டு. அந்த அம்மாவையும் பெண்ணையும் பக்கத்தில் நிற்க வைத்தோம். யூனிட்டில் ஒருவர், "அப்படியே அவங்க ஜாடை" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

25 நிமிடம்கூட ஆகவில்லை. கேமராமேன் மானிட்டரைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். 63 புள்ளியும் ஆரஞ்சு. கன்னத்தில் வெற்றிலை எச்சில் தெறித்தது போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 19 வயது, முதல் படம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அக்கா, எனக்கு அலர்ஜி எதுவும் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அந்தக் குரலை உங்கள் சீனியர் கேட்டிருக்க வேண்டும்.

மேக்கப் துடைக்கிற மைசெல்லர் வாட்டருக்கு அது அசையவில்லை. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததில் கன்னம் சிவந்து, அது அடங்கும் வரை காத்திருந்தோம். பிறகு என் பெட்டியிலிருந்த ஐப்ரோ பென்சில் இரண்டு, சாம்பல் சாய்ந்த பிரவுன் ஐ ஷேடோவில் ஒரு சொட்டு வேறு செட்டிங் ஸ்பிரே, நெயில் ஆர்ட் பிரஷ், இவ்வளவை வைத்து முதலிலிருந்து போட்டேன். அது சாயங்காலம் வரை நின்றது. 150 ரூபாய் பென்சில் நின்றது, உங்கள் 1,249 ரூபாய் பேனா நிற்கவில்லை. அதற்குள் கிழக்கு ஜன்னல் வழியாக வருகிற காலை வெயில் போய்விட்டது. அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வாடகை கொடுத்து எடுத்தார்கள், அந்தக் கணக்கில் என் சம்பளம் 6,000 பிடிக்கப்பட்டது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் 14 வருடப் பெயர் அந்த ஒரு காலையில் போனது. அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டார்கள்.

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து பேனாவை விளக்கடியில் வைத்துத் திருப்பினேன். "டீப் பிரவுன்" என்ற லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. ஹேர் டிரையரில் சூடு காட்டி நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு அச்சு. "லைட் வார்ம்" என்ற வேறு ஷேடின் பெயர். அதற்குக் கீழே பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசி மாதம் மார்ச் 2025. மூன்று பேனாவிலும் இதே கதை. உரித்ததைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்து நான்கு மின்னஞ்சலிலும் வைத்தேன். உங்களில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஷேடு தேர்வு வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள். லேபிளுக்கு அடியில் என்ன ஷேடு ஒளிந்திருக்கிறது என்று நான் எப்படித் தேர்வு செய்வது?

நிறம் ஏன் மாறியது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொருள் பட்டியலில் நிறமிகளில் சி.ஐ. 77491, அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடு, முதலாவதாக இருக்கிறது. கறுப்பான 77499 கடைசியில். டீப் பிரவுனுக்கு இந்த வரிசை எனக்கு இடிக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள்.

அம்பத்தூர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "ரிட்டர்ன் மையத்தில் நேரில் ஒப்படைக்கலாம்" என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள். ஜூலை 2, புதன்கிழமை, ஒரு மணப்பெண் டிரையலைத் தள்ளிவைத்துவிட்டு சேலையூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போனேன். போக வர ஆட்டோவும் பஸ்ஸுமாக 640 ரூபாய். பகல் 1.15-லிருந்து 3.40 வரை கேட்டுக்கு வெளியே இருந்தேன். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "கூரியர்ல வந்தாதான் எடுப்போம், சிஸ்டத்துல உங்க பேரு இல்ல" என்று சொல்லிவிட்டு என் பையைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வாட்ச்மேன் ஐயா மட்டும் தன் நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காரும்மா, தண்ணி குடி" என்றார். இந்த 35 நாளில் உங்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

உங்கள் நிறுவனத்தோடு எனக்குப் பகை இல்லை. உங்கள் காஜலை ஐந்து வருடமாகத் திரும்பத் திரும்ப வாங்குகிறேன், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்த உறவை வைத்துத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது: பொருளின் விலை 4,346. பிடிக்கப்பட்ட சம்பளம் 6,000. அன்று உதவியாளருக்கு நான் கைக்காசிலிருந்து கொடுத்த 1,500. அம்பத்தூர் செலவு 640. ஆக 12,486 ரூபாய். மன உளைச்சலுக்கும் பெயர்க் கெடுதலுக்கும் 1,50,000 ரூபாய், அதுவும் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஜூன் 17 அன்று பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூப்பன் அனுப்பாதீர்கள். 200 ரூபாய் கூப்பன் ஏற்கெனவே ஒன்று வந்தது, நான் அதைத் தொடவில்லை.

மின்வணிக விதிகள் 2020-இன்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது உங்கள் கடமை. என் முதல் புகார் ஜூன் 16. மாதம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கடைசித் தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியது அழகுசாதன விதிகள் 2020 சம்பந்தப்பட்டது. அந்த மூன்று பேனாவையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அம்பத்தூர் வரை போனவளுக்கு அது தூரமில்லை.

அந்த நிலைக்குப் போகாமல் முடித்துக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன். அதே லேபிள் ஒட்டிய சரக்கு இன்னும் விற்பனையில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வேறு ஏதோ ஒரு ஊரில் இன்னொரு பெண் இதை முகத்தில் வைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மேக்கப் கலைஞர், சேலையூர்

இணைப்பு: பில் நகல், உரித்த லேபிளின் படங்கள் 9, மானிட்டரில் எடுத்த படம் 2, நான்கு மின்னஞ்சல்களின் நகல்.

பி.கு.: பேனாக்கள் மூன்றும் உரித்த லேபிளோடு என்னிடம் உள்ளன. கூரியர் பையனை வெறுங்கையோடு அனுப்பினால் தர மாட்டேன். பெற்றுக்கொண்டதாக உங்கள் முத்திரையிட்ட கடிதத்தோடு யாராவது வந்தால் ஒரு பேனாவை மட்டும் தருகிறேன். மற்ற இரண்டும் ஆணையத்துக்காக என்னிடமே இருக்கும்.