பரந்தூரும் பழவேற்காட்டுப் பறவைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் சென்னைக்கான புதிய விமான நிலையத்துக்காக 5,000 ஏக்கருக்கும் மேலான நிலம் ஏரி, குளங்களோடு சேர்த்துக் கையகப்படுத்தப்படுவது குறித்த விவாதம் பெரும்பாலும் இழப்பீட்டைச் சுற்றியே நடக்கிறது. பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் வாழும் எனக்கோ பறவைகளின் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இங்குள்ள நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள், குஞ்சுகளுக்கு மீன் தேடிப் பழவேற்காடு வரை பறந்து வருகின்றன. கூடு ஓரிடம், இரை வேறிடம் என்பதால், இவற்றில் ஒரு நீர்நிலை அழிந்தாலும் பாதிப்பு இரு பக்கமும் தெரியும்; பரந்தூர் ஏரிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நன்றாக நீர் நின்ற ஆண்டுகளில் எங்கள் வயல் வரப்புகளில் நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்றுவிட்டுப் போட்ட ஓடுகள் குவிந்து கிடக்கும். வேறிடத்தில் குளம் வெட்டித் தரலாம் என்போர், புதுக் குழியில் அந்த நத்தை வந்து சேர எத்தனை மழைக்காலம் ஆகும் என்று சொல்வதில்லை. தவிர, ஓடுபாதை அருகே எஞ்சும் ஏரிகளில் கூடும் பறவைகள் விமானங்களுக்கு ஆபத்து என்பதால், பின்னர் அவற்றையும் விரட்ட வேண்டிவரும்.

கேரளத்தின் ஆறன்முளை விமான நிலையத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் ரத்து செய்ததை இங்கே நினைவுகூரலாம். பரந்தூரில் பறவைக் கணக்கெடுப்பை, வடகிழக்குப் பருவமழை தொடங்கி வலசைப் பறவைகள் திரும்பும் பங்குனி வரையேனும் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சூலூர்பேட்டை