கேபினெட்டுக்கு முன்னால் தண்ணீர் வழியைப் பார்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

ஜொகூரில் நீங்கள் வாங்கியிருக்கிற பழைய வீட்டின் அடுப்படிப் படங்களை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். அதை மாற்றிக் கட்டக் குத்தகைக்காரர் கொடுத்த விலையையும் பார்த்தேன். 18,000 வெள்ளி! தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து 80-களில் நாங்கள் வாங்கிய இந்த மலிவு விலை வீடே 25,000 வெள்ளிதான். காலம் மாறிவிட்டது என்பாய், சரி. ஆனால் அந்தப் பணத்தை, வயதான காலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கப் போவதாகச் சொன்னாயாம். 2024-ல் திறந்தார்களே, நினைத்தபோது எடுக்கலாம் என்று, அந்தக் கணக்கு. எடுக்க முடியும் என்பதற்காகவே எடுப்பதா? போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் அடுப்படியை அப்பாவும் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து மாற்றினோமே, வயரிங் கூலியும் சேர்த்து 4,000 வெள்ளியைத் தாண்டவில்லை. அவசரப்படாமல் சனி, ஞாயிறில் மட்டும் செய்தோம். அதுவரை பின்வாசலில் ஒற்றை அடுப்பில் சமையல்.

நீ அனுப்பிய வெள்ளை கேபினெட் படங்களெல்லாம் அழகுதான். ஆனால் அவை ஈரத்துணியால் தரையைத் துடைக்கிற வீட்டுக்குச் செய்தவை. நாம் வெள்ளிக்கிழமையானால் வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவுகிற ஆட்கள். உன் மாமியார் வீட்டிலும் அப்படித்தான், நானே பார்த்திருக்கிறேன். விலை குறைந்த கேபினெட்டின் உள்ளே இருப்பது மரமே இல்லை, மரச்சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டின தாள்தான் பளபளக்கிறது. அடிவிளிம்பில் ஈரம் ஏறினால் ரஸ்க் மாதிரி ஊறி உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு இறங்காது. பிறகு திருகு பிடிக்காது, கீல் கழன்று கதவு தொங்கும். நம் தாமான் குடியிருப்பில் அப்படி எத்தனை கேபினெட் பின்சந்துக்குப் போயிருக்கிறது தெரியுமா?

உன் அடுப்படியில் செங்கல் சுவர் மேல் ஒரு சிமிண்டு மேடை இருக்கிறது. அதை உடைக்கவும் அள்ளவும் தனித்தனியாகக் காசு போட்டிருக்கிறார் குத்தகைக்காரர். உடைக்க விடாதே. குனிந்து மேடையின் அடியைப் பார். துருக்கறையோ, சிமிண்டு பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால்தான் அது போக வேண்டிய மேடை. இல்லையென்றால் உன் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். மேலே டைல்ஸ் மாற்று, முன்னால் கதவு மாட்டு, அவ்வளவுதான் கேபினெட். தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தூக்கிக் கதவை மாட்டச் சொல். கழுவுகிற தண்ணீர் அடியில் ஓடிப்போகட்டும்.

கதவுக்கு அலுமினியம் போடலாம், கரையானும் வராது, ஊறவும் ஊறாது. எனக்கென்னவோ அந்தத் தகரச் சத்தம் பிடிக்கவில்லை. ரப்பர் மரப் பலகை வாங்கி வார்னிஷ் அடித்தோம். பால் வற்றின மரத்தை இருபத்தைந்து, முப்பது வயதில் சாய்த்து, அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தி விற்கிறார்கள். மருந்து ஏற்றாத பலகையை வண்டு துளைத்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும், அதனால் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் பால் சீவின காலத்தில் அது விறகுக்குத்தான் ஆகும். இப்போது மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறுகிறது.

மேடை உயரத்தைப் பற்றி ஒன்று. கடைக் கேபினெட் எல்லாம் 85, 90 சென்டிமீட்டர். யாருடைய உயரத்துக்கு அளந்தார்களோ! நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கு. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் வெட்டும் இடம் இருந்தால் முதுகு வலிக்காது. அடுப்பு அதைவிடத் தாழ்வாக இருக்கட்டும், பெரிய சட்டியில் கிளறும்போது தோளைத் தூக்க வேண்டியதில்லை. நான் குள்ளம், எனக்குப் பழைய மேடையே சரியாக இருந்தது. உனக்கு அப்பாவின் உயரம். வெட்டுகிற இடத்தில் மட்டும் கனத்த பலகைக்குக் கால் வைத்து உயர்த்திக்கொள்.

சிங்க்கை ஜன்னல் பக்கம் மாற்ற ஆசை என்று எழுதியிருந்தாய். குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடு. அதை நகர்த்தினால் தரையைக் கொத்த வேண்டும், கழிவுக் குழாய்க்கு வாட்டம் கிடைக்காமல் போகலாம், அப்புறம் ஆயுசுக்கும் அடைப்புதான். மிச்சமாகும் காசில் ஆழமான ஒற்றைத் தொட்டியாக வாங்கு, இரட்டைத் தொட்டியில் நம் இட்லிப் பானை படுக்காது.

தரை டைல்ஸ் சொரசொரப்பாக இருக்கட்டும். தண்ணீர்த் துளையைப் பார்த்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டலாம், ஆனால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றுச் சத்தம் வருவதைப் பெயர்த்துவிட வேண்டும். சுவருக்கு மேடையிலிருந்து இரண்டடி உயரம் போதும். கூரை வரை டைல்ஸ் ஒட்டுவது கடைக்காரருக்குத்தான் லாபம்.

வயரிங்கில் மட்டும் மாப்பிள்ளை கைவைக்க வேண்டாம் என்று சொல். அவர் கெட்டிக்காரர், தெரியும். இருந்தாலும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். மின் அடுப்பு ஒன்றே 2,000 வாட் இழுக்கும், தண்ணீர் சுடவைக்கிற கெட்டலும் அதே அளவு. இரண்டையும் ஒரே நீட்டு வயரில் மாட்டினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு பிளக் போடச் சொல்.

கேஸ் தோம்பை, அதுதான் சிலிண்டரை, மேடைக்கு அடியில் கதவு போட்டுப் பூட்டி வைக்காதே. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். நாங்கள் சுவரில் துளை போட்டு, தோம்பைப் பின்பக்கம் வைத்துவிட்டோம்.

துளை என்றதும் ஞாபகம் வருகிறது. உன் பின்கூரை சாம்பல் நிறத்தில் அலையலையாகத் தெரிகிறது. பழைய வீடு, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடையாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அறுக்கவோ துளைக்கவோ உலர்ந்த தூசியைப் பெருக்கவோ கூடாது. அந்த நார் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அது தெரிந்த ஆட்களின் வேலை, அதற்குக் காசு கொடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டுவதாக இருந்தால் மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நீட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பதிலாகாது.

கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கிற நாக்கோ ஜன்னலைக் கழற்றாதே. நெத்திலி சம்பல் தாளிக்கும்போது அதன் அருமை தெரியும்.

மேடைக்கு அடியில் கதவு வருகிற இடத்தை மேலேயும் நடுவிலும் கீழேயும் தனித்தனியாக அளந்து, மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது. அப்பா இங்கேயே பலகையை அறுத்து, இழைத்து வைப்பார், தீபாவளிக்கு வரும்போது காரில் ஏற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்குப் பச்சை பிடிக்கும் என்றாயே, அடுப்புப் பக்கக் கதவுக்கு வெளிர் பச்சை வேண்டாம், எண்ணெய்க் கறை அப்படியே தெரியும். மற்றபடி எந்தப் பச்சை என்று அவரையே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா