அம்மாவின் அந்தியேட்டி முடிந்து எழுதும் நன்றி மடல்

எங்கள் ஊரவர்களுக்கும், உறவுகளுக்கும், அம்மாவிடம் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

செத்தவீட்டுக்கு வருகிறவர்களை நாங்கள் 'வாங்கோ' என்று கூப்பிடுவதில்லை. அவர்களும் புறப்படும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். சின்ன வயதில் எனக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. இந்த முறை விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்த வழக்கத்தின் அருமை புரிந்தது. அழுதுகொண்டிருப்பவள் யாரையும் உபசரிக்க வேண்டியதில்லை என்று ஊர் எனக்கு விடுப்புக் கொடுத்திருந்தது. ஆனால் அதனாலேயே ஒருவருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்ல முடியாமல் போயிற்று. போன வாரம் கீரிமலைக் கடற்கரையில் சாம்பல் கரைக்கும் அந்தியேட்டியும், 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியமும் முடிந்தன. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழிந்துவிட்டது. இனிச் சொல்லலாம்.

அம்மா போனது விடியப்புறம் இரண்டரை மணிக்கு. வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். நான் வைத்த ஒரு குரலுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. தெற்கு வீட்டு மாமி, படலையைச் சுற்றி வர நேரமில்லை என்று வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தா. நான் அம்மாவின் கையை விடாமல் இருந்தேன். மாமிதான் அம்மாவின் கண்ணை மூடி, நாடியைக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலையைத் தெற்கே வைத்துக் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றினா. "பிறகு அழலாம் பிள்ளை, இப்ப உடம்பு சூடாயிருக்கேக்க செய்யவேண்டியது இது" என்றா. மாமி, அந்த நேரத்தில் நீங்கள் என்னுடன் சேர்ந்து அழுதிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். நீங்கள் அழுதது எல்லாம் முடிந்து, மூன்றாம் நாள் பின்னேரம் உங்கள் கிணற்றடியில் என்று பிறகு அறிந்தேன்.

விடிவதற்குள் சங்கத்துப் பிள்ளைகள் கதிரைகளையும் பந்தல் தகரங்களையும் லான்ட்மாஸ்ரரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஐந்து ஊருக்கு அறிவித்தவருக்கும், வீட்டில் நடந்த சாவு என்பதால் பதிவுக்கு வேண்டிய அறிக்கையை காலையிலேயே நேரில் வந்து எழுதித் தந்த கிராம அலுவலருக்கும், பத்திரிகையில் மரண அறிவித்தல் போட ஓடித் திரிந்த சைக்கிள் கடை அண்ணைக்கும் நன்றி. முன்பெல்லாம் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது அம்மா கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கேட்பா. தெரியாதவர் பெயருக்கும் ஒரு 'சிவசிவா' சொல்லிவிட்டுத்தான் மறுபடி வேலையில் கை வைப்பா.

இங்கே நான் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு நீளமாக நன்றி எழுதுகிறேன் என்பது இளம் பிள்ளைகளுக்கு விளங்காது.

1990 ஆனியில் போரால் இந்த ஊரை விட்டு எழும்பினோம். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தெருவில் நடந்தபோது நாங்களும் நடந்து தென்மராட்சிக்கும், அப்புறம் வன்னிக்கும் போனோம். அப்பா 1997 இல் ஸ்கந்தபுரத்தில், ஒரு கொட்டிலில் காய்ச்சலோடு காலமானார். அவருக்குப் பறை இல்லை, சுண்ணம் இல்லை, பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லை. பெட்டி கூட இல்லை. மரத்தடியில் கிடந்த பலகையில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். அந்த நாலு பேரில் மூவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. பதினான்கு வயது அண்ணா கொள்ளி வைத்தார். கீரிமலை அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. சாம்பலை அக்கராயன் குளத்தில் கரைத்தோம். அன்று தூக்கிய அந்த மூவருடைய பெயரைக் கூட நாங்கள் கேட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா எந்தச் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டதில்லை. "என்ரை மனுசனை ஆரோ தெரியாத பிள்ளையள் தூக்கினவை. அந்தக் கடன் எனக்குக் கிடக்கு" என்பா.

தனக்குப் பறை வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தா. எனக்கு அதில் தயக்கம் இருந்தது. குடிமை என்ற பெயரில் பறை அடிப்பதையும் வெள்ளை கட்டுவதையும் மயிர் வழிப்பதையும் சில குடும்பங்களின் தலையில் கட்டி, கூலியையும் அரைகுறையாகக் கொடுத்து, சிரட்டையில் தேத்தண்ணி வார்த்த ஊர்கள் எங்களுடையவை. அந்த வீடுகளின் பிள்ளைகள் இதை விட்டு விலகியது நியாயம். ஆகவே யாரிடமும் போய்க் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஆனால் காலை ஏழு மணிக்கு மூன்று பேர் பறையோடு படலையில் நின்றார்கள். மூத்த ஐயா சொன்னார்: "என்ரை மூண்டு பிள்ளையளுக்கும் ஏடு தொடக்கினது ரீச்சர். நாங்கள் ஆரும் கேட்டு வரேல்லை." அம்மா பாலர் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவ. ஐயா, நீங்கள் காசு வாங்க மறுத்ததை நான் ஏற்கவில்லை, அது உங்கள் உழைப்பு. ஆனால் நீங்கள் அடித்த அந்த அடியின் விலை நான் கொடுத்த காசில் இல்லை என்று எனக்குத் தெரியும். 31 அன்று நீங்கள் குடும்பத்தோடு வந்து பந்தியில் முதல் வரிசையில் இருந்து சாப்பிட்டதுதான் அம்மாவுக்கு நான் செய்த கிரியைகளிலேயே எனக்குப் பிடித்தது.

சுண்ணப்பாட்டுப் பாடிய தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கையில் புத்தகம் இல்லை. உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் இட்டு இடிக்க, திருப்பொற்சுண்ணத்தின் இருபது பாட்டையும் ஒரு சொல் தடுக்காமல் பாடினார். சிறுமியாக இருந்தபோது எனக்கு இந்தப் பாட்டு பயம். எங்கே கேட்டாலும் அங்கே ஒரு பிணம் இருக்கும் என்று காதைப் பொத்திக்கொள்வேன். உண்மையில் இது சாவுப் பாட்டே அல்ல. தில்லையில் சிவபெருமான் நீராடுவதற்குப் பெண்கள் கூடிப் பொன் போன்ற வாசனைப் பொடி இடிப்பதாக மாணிக்கவாசகர் பாடியது. கொடி எடு, விளக்கு வை, பூமாலை தூக்கு என்று ஒரே கொண்டாட்டமாக இருக்கும். அதை எங்கள் முன்னோர் கொண்டுவந்து செத்தவீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் தலையில் அந்தச் சுண்ணத்தை வைத்தபோது, வருத்தத்தில் பல மாதம் ஒழுங்காக முழுகாமல் கிடந்த அவவைக் கடைசியாக ஒருமுறை நன்றாகக் குளிப்பாட்டி அனுப்புகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தாத்தா, இதை யாராவது ஒரு பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். என் மகள் வரத் தயார்.

இனிக் கொள்ளி. தாய்க்கு இளைய மகன், தகப்பனுக்கு மூத்த மகன் என்பது வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே ஒரு மகன்தான், அவர் பாரிஸில். பிரான்ஸ் அவருக்கு அகதி அந்தஸ்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பயணப் பத்திரத்தோடு அவர் பல நாடுகளுக்குப் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் வர முடியாது. பலரும் "ரிக்கெற் போட்டிருந்தா வந்திருக்கலாம்தானே" என்று என்னிடம் கேட்டீர்கள். வர மனமில்லாமல் நின்றவர் அல்ல அவர். இதை எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்போ யார் கொள்ளி வைப்பது? பெரியம்மாவின் மகன் தம்பி முன்வந்தான். பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது இன்னொரு தாய்க்குக் கொள்ளி வைத்து மொட்டை அடிக்கலாமா என்று முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. நல்ல எண்ணத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள், அதனால் நான் குறை சொல்லவில்லை. சுண்ணம் இடித்து முடிந்திருந்தது, ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வாயே திறக்கவில்லை. அப்போது கதிரையில் இருந்த பெரியம்மா, எண்பத்திரண்டு வயது, தடியை ஊன்றி எழும்பி வந்தா. மகனின் தோளில் இருந்த துவாயை எடுத்து அவன் இடுப்பில் தானே கட்டிவிட்டா. "என்ரை தங்கச்சிக்குத்தானே. செய் ராசா" என்றா. அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

பெரியம்மா, உங்கள் காலில் விழுந்துதான் நன்றி சொல்ல வேண்டும். துடக்கு நாட்களில் அதையும் செய்ய முடியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன்.

எங்கள் வழக்கப்படி பெண்கள் சந்தியோடு நின்றுவிட்டோம். சந்தியில் என்னைச் சுற்றி வளைத்துக் கட்டிப்பிடித்து அழுத அக்காமாரையும் மச்சாள்மாரையும் தனித்தனியே நினைவில்லை. தோளில் பட்ட கண்ணீரின் சூடு மட்டும் நினைவிருக்கிறது. மயானத்தில் நடந்தது எனக்குக் கேள்விதான். விழுந்த மாமரத்தைத் தறித்து விறகு தந்த வீட்டாருக்கும், அதை முதல் நாளே ஏற்றிப்போய் அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. தம்பி தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் கொத்தி ஓட்டை போட்டது யார் என்று கேட்டேன். பக்கத்து ஒழுங்கை அண்ணை என்றார்கள். எதிர் வீட்டுப் பொடியன், பதினாறு வயது, வழி முழுவதும் அண்ணாவை போனில் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறான். அங்கே பாரிஸில் அப்போது காலை ஏழரை மணி. அண்ணா தலையை வழித்து, தோய்ந்து, ஈர வேட்டியோடு இருந்திருக்கிறார். துடக்கு என்பதால் லாச்சப்பல் பிள்ளையார் கோயிலுக்குக் கூட அவரால் அந்த நாட்களில் போக முடியவில்லை. கொள்ளி வைத்துத் தம்பி திரும்பிப் பாராமல் நடந்தபோது, அந்தப் பொடியன் போனைச் சிதையின் பக்கம் பிடிக்காமல் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடவே பின்னுக்கு நடந்தானாம். ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "எல்லாரையும் போல நானும் திரும்பிப் பாராமல் வந்தன்" என்று அண்ணா அன்றிரவு என்னிடம் சொன்னார்.

அந்த மூன்று நாளும் எங்கள் குசினியில் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் ஒரு நேரம்கூட என் மகள் பசித்திருக்கவில்லை. பிளேன்ரீ வாளியோடு வந்தவர்கள், சோறும் பருப்பும் கத்தரிக்காயும் மூடிக்கொண்டு வந்தவர்கள், இரவில் பாய் போட்டு எங்களோடு படுத்தவர்கள், எல்லோருக்கும். காடாத்தன்று பால் தெளித்து எலும்பு பொறுக்கி முட்டியில் எடுத்து வந்த மாமாமாருக்கும், எட்டுச் செலவுக்கு அம்மாவுக்குப் பிடித்த ஒடியல் கூழை இரண்டு அடுப்பில் காய்ச்சிய சின்னம்மாவுக்கும். கூழுக்குள் நண்டு போட்டால்தான் அம்மா குடிப்பா என்பதை நான் மறந்துவிட்டேன், நீங்கள் மறக்கவில்லை.

அந்தியேட்டி என்ற சொல் 'கடைசி வேள்வி' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. வேறிடங்களில் அது தகனத்தையே குறிக்கும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறோம். இந்த ஒரு மாதம் இல்லாவிட்டால் நான் என்னவாகியிருப்பேனோ தெரியாது. கீரிமலையில் கடலோரம் கிரியை செய்வித்த சைவக்குருக்கள் ஒவ்வொரு பிண்டத்துக்கும் என்ன பொருள் என்று தமிழில் சொல்லிச் சொல்லிச் செய்வித்தார். முடிவில் நான் கேட்காமலே, "அப்பாவின்ரை பேரையும் சொல்லுங்கோ" என்றார். 1997 இல் கரைக்க முடியாமல் போன இடத்தில், அம்மாவின் சாம்பலோடு அப்பாவின் பெயரும் கடலில் போயிற்று. தம்பி கடலில் முழுகிவிட்டு வந்து கேணி நன்னீரில் தோய்ந்தான். நான் பெண்கள் கேணியில் இறங்கினேன். தண்ணீர் அன்று அப்படி ஒரு குளிர்.

கல்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. (வெளியூர் நண்பர்கள் கல்லில் வெட்டுவது என்று நினைத்தார்கள். எங்கள் ஊரில் அது 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலர்.) சமையல் குறிப்பும் தொலைபேசி இலக்கங்களும் போட்டு நிரப்பாமல், அம்மா படிப்பித்த பாலர் பாட்டுகளைச் சேர்த்துத் தந்த பழைய மாணவர்களுக்கும், திதி வெண்பா எழுதித் தந்த தமிழ் வாத்தியாருக்கும் நன்றி. சித்திரை வளர்பிறை ஏகாதசி என்று நாலு அடிக்குள் கட்டி வைத்துவிட்டார். என் பேரப்பிள்ளைக்கும் திவசம் எப்போது என்று தெரியும். அப்பாவின் திதியை நாங்கள் எழுதி வைக்கவில்லை, அவருக்கு ஆடி அமாவாசைதான். வாத்தியார் கடைசிப் பக்கத்தில் அப்பாவுக்கும் ஒரு வெண்பா போட்டிருந்ததை நான் அச்சில் வந்த பிறகே பார்த்தேன்.

இன்னும் பெயர் விடுபட்டவர்கள் நிறைய இருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. குசினியில் இரண்டு பெரிய சட்டி, மூடி இல்லாத ஒரு எவர்சில்வர் வாளி, நீலக்கரை போட்ட ஒரு பாய், ஆறு தேத்தண்ணிக் கோப்பை இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உங்களுடையதென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த நாளும் வந்து எடுக்கலாம். வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.

ரீச்சரின் மகள்