வீட்டு இணைய இணைப்பும் பிள்ளைகளின் பாட்டுப் பகிர்வும்: ஜேர்மனியில் உள்ள நம் பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, கலைவிழா விபரங்கள் தனித்தாளில் வருகின்றன. இந்தக் கடிதம் வேறொரு விடயத்துக்காக.

மூன்று கிழமைக்கு முன், சனிக்கிழமை வகுப்பு முடிந்து நான் கதவு பூட்டும் நேரம் ஒரு தாய் எட்டுப் பக்கக் கடிதமொன்றைக் கொண்டுவந்தார். அவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சட்டத்தரணி அலுவலகமொன்றிலிருந்து வந்த அப்மானுங், அதாவது உரிமை மீறலுக்கான எச்சரிக்கைக் கடிதம் அது. அவர் வீட்டு இணைப்பிலிருந்து ஓர் இசைத்தொகுப்பு டொரண்ட் வழியாக, அதாவது ஆட்களின் கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பரிமாறும் முறையில், பகிரப்பட்டதாம். நாள், மணி, நொடி வரை குறித்திருந்தார்கள். பதில் கொடுக்க வைத்த பத்து நாள் தவணையில் ஆறு நாள் போய்விட்டது. வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களைப் பதின்மூன்று வயது மகன்தான் அவருக்கு வாசித்துச் சொல்வான். இதையும் அவனிடமே கொடுத்திருக்கிறார். முதற் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது விளம்பரம் அம்மா" என்று மடித்து வைத்துவிட்டான். தன்மேல் வந்த குற்றச்சாட்டைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

"நான் எடுத்தது மட்டும்தான், ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்று அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. டொரண்டில் ஒரு பாட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகள் நம் கணினியிலிருந்து மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் வழக்கு அந்த அனுப்புதலுக்காகத்தான். பாட்டின் உரிமையாளர்களுக்காக வேலைசெய்வோர் அதே வலையில் நின்று, இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி இலக்கங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு பெற்று அந்த இலக்கத்துக்குரிய பெயரையும் விலாசத்தையும் இணைய நிறுவனத்திடம் கேட்க 2008 முதல் இங்கே சட்டத்தில் வழி உண்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே கடிதம் வரும்.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 2003 செப்டெம்பரில் இசை நிறுவனங்கள் ஒரே நாளில் 261 பேர்மேல் வழக்குப் போட்டன. அவர்களில் நியூயோர்க்கைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவளின் குடும்பம் 2,000 டொலர் கட்டிச் சமாதானமானது. 2004 மார்ச்சில் டென்மார்க், ஜேர்மனி, இத்தாலி, கனடா என நான்கு நாடுகளில் 247 பேருக்கு எதிராக நடவடிக்கை வந்தது. கனடா நீதிபதியோ மறுநாளே, ஆட்களின் பெயரை வெளியிட உத்தரவிட மறுத்துவிட்டார். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய கூலி சேரவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வழக்கில் இழுப்பதை ஓர் ஆசிரியராக என்னால் ஏற்கமுடியாது.

நமக்கு முக்கியமானவை கார்ல்ஸ்ரூவவில் உள்ள ஜேர்மன் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள். முதலாவது 2012 நவம்பரில் வந்தது. பதின்மூன்று வயதுப் பையனின் கணினியிலிருந்து 1,147 பாட்டுக் கோப்புகள் பகிரப்பட்டிருந்தன. பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குத் தகப்பன் கொடுத்த பழைய கணினி அது. கீழ் நீதிமன்றங்கள் பெற்றோரைக் கட்டச்சொன்னன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: சொல் கேட்டு நடக்கும் பிள்ளையிடம், பகிர்வது சட்டவிரோதம், செய்யாதே என்று பெற்றோர் தெளிவாகச் சொல்லியிருந்தால் போதும், சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை கணினியைச் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

2015 ஜூனில் மறுபக்கம் வந்தது. பாட்டுகளைப் பகிர்ந்த மகளுக்குப் பதினான்கு வயது. "ஒழுங்காக நடக்கவேண்டும்" என்று பொதுவாகச் சொன்னது போதாது, பகிர்வைப் பற்றிக் குறிப்பாகச் சொன்னதாக நிரூபிக்கவில்லை என்று தாயைப் பொறுப்பாளியாக்கினார்கள். 2017 இல் இன்னொரு பெற்றோர், வளர்ந்த மூன்று பிள்ளைகளில் யார் செய்தது என்று தெரிந்தும் பெயர் சொல்ல மறுத்தார்கள். 3,500 யூரோவுக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது.

ஆகவே தயவுசெய்து இந்தக் கிழமையே பிள்ளைகளோடு இருந்து கதையுங்கள். டொரண்ட் வேண்டாம், அதுபோல் வேலைசெய்யும் படம் பார்க்கும் செயலிகளும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தாய், தகப்பன் இருவரும் இருந்து சொல்வது நல்லது. எந்த நாளில் சொன்னீர்கள் என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு விளக்கத்தையும் சொல்லுங்கள். வெருட்டினால் அடுத்த கடிதத்தையும் ஒளிப்பான்.

கடிதம் வந்துவிட்டால் குப்பையில் போடவேண்டாம், தவணையையும் தவறவிடவேண்டாம். பின்னால் இணைத்திருக்கும், இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கவேண்டாம். அந்தத் தாய் பேனையை எடுத்துவிட்டார், கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து. அது வாழ்நாள் முழுக்கக் கட்டுப்படுத்தக்கூடிய ஒப்பந்தம். மீறினால் பெரிய தண்டப்பணம். முதலில் நுகர்வோர் ஆலோசனை நிலையமான ஃபெர்பிராவ்கர்செண்ட்ராலேயிடமோ ஒரு சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். தனிநபருக்கு வரும் முதல் அப்மானுங்கில் சட்டத்தரணிக் கட்டணத்துக்கு 2013 முதல் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நட்டஈடு அதில் அடங்காது.

வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அரை மணித்தியாலம் நூலக அறையில் இருப்பேன். கடிதம் வந்தவர்கள் உறையோடு கொண்டுவாருங்கள். அது வந்து சேர்ந்த நாளை உறையில் எழுதுங்கள். வாசித்துச் சொல்ல நானும் மூத்த ஆசிரியை ஒருவரும் இருக்கிறோம். பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டாம்.

அன்புடன்,
பள்ளி அதிபர்