தேய்மானம் என்றீர்கள், வளர்ந்திருக்கிறது: சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

போன வாரம்தான் அப்பாவின் கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளெலும்புகளின் முன்பக்கம் மெழுகுவத்தி உருகி வழிந்து உறைந்த மாதிரி எலும்பு. உங்களுக்குப் புதிதல்ல; பிரெஞ்சு மருத்துவர் ஃபாரெஸ்டியர் 1950-லேயே எழுதியது; முள்ளெலும்புகளை ஒட்டி எலும்பு கூடுதலாக வளர்ந்து முதுகை விறைக்க வைக்கும் இந்த நோயை இன்று ‘டிஷ்’ (DISH) என்கிறீர்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் என்பதும் தெரியும். தெரிந்தவர்கள் என்பதால்தான் கேட்கிறேன்: முதுகு விறைக்கிறது என்று சர்க்கரை நோயாளி சொன்னால், ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள்.

முதுகில் பலகை கட்டின மாதிரி இருக்கிறது என்று அப்பா நான்கு வருடம் சொன்னார். “வயசாச்சு, தேய்மானம்” என்றீர்கள். உடம்பில் வளர்ந்த எலும்பு உங்கள் ஃபைலில் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது.

அப்புறம் கழுத்தில் வளர்ந்த எலும்பு முன்னால் அழுத்தி, தொண்டை அடைத்தது. சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டால், கழுத்து வளையாததால் மேசையைப் பிடித்துக்கொண்டு இடுப்போடு முன்னால் சாய்வார். மூன்று மடக்குத் தண்ணீர். சில நாள் இறங்கும். சில நாள் பாதி கரைந்து, கசந்து, திரும்பி வரும். உடைத்துப் போடலாமென்றால், அது உடைக்கக் கூடாத மாத்திரை. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறியதும், “மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லையா?” என்று அவரைத்தான் திட்டினீர்கள்.

கண்ணுக்கு ஒருவர், பாதத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று அனுப்புகிறீர்கள். முதுகுக்கு மட்டும் ஆளில்லை. அவர் முதுகைக் காட்ட வந்தார். நீங்களும் முதுகைக் காட்டிவிட்டீர்கள்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த எலும்பைக் கரைக்க மருந்தில்லை என்பது எனக்கும் தெரியும். பார்க்கத்தான் சொல்கிறேன். விறைப்பு என்றால் முதுகெலும்பைப் படம் எடுங்கள். விழுங்க முடியவில்லை என்றால் கழுத்தையும் சேர்த்து. டிஷ் இருந்தால் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இப்படி விறைத்த முதுகெலும்பு சின்ன வழுக்கலில்கூட முறியலாம். மயக்க மருந்து கொடுப்பவர் தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்த மாதம் அப்பா உங்களில் ஒருவரிடம் வருகிறார். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. தயவுசெய்து அவர் நாற்காலியை உங்களுக்கு நேர் எதிரே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்